உயிரியல் படித்துப் பிரதமராவது எப்படி? லாத்வியாவுக்கு மட்டுமான கையேடு

உயிரியலில் பட்டம் வாங்கியவர்களுக்கு உலகம் முழுக்க ஒரே அறிவுரைதான்: வாத்தியார் வேலைக்கு விண்ணப்பம் போடு. லாத்வியாவில் மட்டும் இன்னொரு வழி இருக்கிறது. 2004இல் அங்கே ஓர் உயிரியலாளர் பிரதமரானார். அவருடைய அமைச்சரவையில் சுற்றுச்சூழல் துறையைக் கவனித்துக்கொண்டிருந்த இன்னோர் உயிரியலாளர் 2015இல் குடியரசுத் தலைவரானார். இருவருக்கும் பல்கலைக்கழகம் ஒன்று, பாடம் ஒன்று, கட்சியும் ஒன்று. இன்றைய மக்கள்தொகை இருபது லட்சத்தைத் தொடாத ஒரு நாட்டில் இது சாதாரண விகிதம் அல்ல. ஆகவே இதைத் தற்செயல் என்று தள்ளிவிடாமல் ஒரு முறையாகக் கருதி, படிப்படியாகக் கற்றுக்கொள்வோம்.

மூத்தவர் இந்துலிஸ் எம்சிஸ். பசுமைக் கட்சிக்காரர் ஒருவர் ஒரு நாட்டின் அரசுக்குத் தலைமை ஏற்றது உலகிலேயே அதுதான் முதல் முறை. ஜெர்மனியின் புகழ்பெற்ற பசுமைத் தலைவர் யோஷ்கா ஃபிஷரே துணைச் சான்சலர் பதவியோடு நின்றுகொண்டவர். இளையவர் ரைமொண்ட்ஸ் வேயோனிஸ். இந்தக் கையேடு பெரும்பாலும் மூத்தவரின் தடத்திலேயே போகிறது. வழுக்கும் இடங்கள் அதில்தான் அதிகம். நீங்கள் படித்தது செடியா, பூச்சியா, மீனா என்று கவலைப்பட வேண்டாம். லாத்விய வாக்காளர் அவ்வளவு நுணுக்கமாக விசாரிப்பதில்லை.

முதலில் சரியான ஊரில் பிறந்துகொள்ளுங்கள்

எம்சிஸ் பிறந்தது 1952 ஜனவரி 2 அன்று, சலாட்ஸ்கிரீவாவில். ரீகா வளைகுடாவில் ஆறு கலக்கும் இடத்தில் உள்ள சின்ன ஊர். லாம்ப்ரே என்ற விலாங்கு போன்ற நீருயிருக்குப் பேர்போனது. ஆற்றுக்குக் குறுக்கே மரத்தடுப்பு கட்டி அதைப் பிடிப்பார்கள். தாடை கிடையாது, உறிஞ்சும் வாய் மட்டும் உண்டு. கடலில் இருக்கும் காலத்தில் வேறொரு மீனைப் பற்றிக்கொண்டு அதன் செலவிலேயே வளரும். கூட்டணி அரசியலுக்குப் போக நினைப்பவர் இந்த உயிரினத்தைச் சிறுவயதிலேயே பார்த்துவைப்பது நல்லது. பாடநூலில் பிறகு படித்துக்கொள்ளலாம்.

ஆட்சி உங்களைக் கவனிக்காத துறையைத் தேர்ந்தெடுங்கள்

இது மிக முக்கியமான படி. இதை விட்டுவிட்டு மற்றவற்றைச் செய்து பயனில்லை.

சோவியத் லாத்வியாவில் வரலாறு படித்தால் ஆபத்து. சட்டம் படித்தால் கட்சிக்கு உழைக்க வேண்டும். கவிதை எழுதினால் தணிக்கை. பாசியும் பைன் மரமும் பார்க்கிறவரை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. "இந்த நாடு யாருடையது" என்று கேட்டால் சிறை. "இந்த ஆறு ஏன் நாறுகிறது" என்று கேட்டால் அதிகபட்சம் ஒரு குழு அமைப்பார்கள். இரண்டும் ஒரே கேள்விதான் என்பது மாஸ்கோவுக்குப் புரிந்தபோது காலம் கடந்துவிட்டது.

பாடம் பழையது. 1960களில் தௌகவா ஆற்றில் பிளாவிஞாஸ் நீர்மின் அணையைக் கட்டினார்கள். லாத்வியப் பழங்கதைகளில் இடம்பெற்ற ஸ்டபுராக்ஸ் என்ற சுண்ணாம்புப் பாறை நீரில் மூழ்கியது. அறிஞர்களும் கலைஞர்களும் எதிர்த்தார்கள், அதிகாரிகள் கேட்கவில்லை. இருபது ஆண்டு கழித்து அதே ஆற்றில் தௌகவ்பில்ஸ் பக்கம் இன்னோர் அணை கட்டத் திட்டமிட்டபோது, 1986 அக்டோபரில் தைனிஸ் ஈவான்ஸ், ஆர்தூர்ஸ் ஸ்னிப்ஸ் என்ற இருவர் ஓர் இலக்கிய வாரப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார்கள். ஆமாம், இலக்கிய வாரப் பத்திரிகையில். மின்சார வாரிய அறிக்கைகளையும் ஆற்றோர விளைநிலங்களையும் பற்றிய கட்டுரை. கடிதங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. 1987இல் மாஸ்கோ அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. சோவியத் ஒன்றியத்தின் மூலையில் இருந்த ஒரு சிறு குடியரசு, கையெழுத்து திரட்டியே ஓர் அணையை நிறுத்திவிட்டது. அடுத்த ஆண்டு சுதந்திர இயக்கமான லாத்விய மக்கள் முன்னணி உருவானபோது அதன் முதல் தலைவரானவர் அதே ஈவான்ஸ்.

1987இல் ஆர்வீத்ஸ் உல்மே தலைமையில் சுற்றுச்சூழல் பாதுகாப்புக் கழகம் தொடங்கியது. பாழடைந்த தேவாலயத்தைச் சுத்தம் செய்வது, கழிவுநீரைக் கடலில் விடும் ஆலையைக் கண்டிப்பது, ரீகாவில் சுரங்க ரயில் வேண்டாம் என்று ஊர்வலம் போவது எல்லாமே அப்போது ஒரே பட்டியலில் இருந்தன. சுரங்க ரயிலை எதிர்த்ததற்குக் காரணம் மண்ணியல் மட்டுமல்ல. அதைக் கட்ட வெளியிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வந்து குடியேறுவார்கள், சொந்தத் தலைநகரில் லாத்வியர் இன்னும் சிறுபான்மையாகிவிடுவார்கள் என்ற அச்சமும் கலந்திருந்தது. ஊர்வலத்தில் போன எல்லோருக்கும் அது தெரியும். பதாகையில் மட்டும் எழுதவில்லை.

இப்போது புரிகிறதா? 1990 ஜனவரியில் லாத்விய பசுமைக் கட்சி பிறந்தபோது, அதைத் தொடங்கியவர்களில் எம்சிஸும் இருந்தார். நாட்டின் சுதந்திர மீட்புப் பிரகடனம் வந்தது அதே ஆண்டு மே 4. மீண்ட நாட்டைவிடக் கட்சிக்கு நான்கு மாதம் வயது அதிகம். பசுமைக் கட்சி என்றால் மிதிவண்டி ஓட்டும் மாணவர் கூட்டம் என்று நினைக்கும் மேற்கு ஐரோப்பியர்கள் இந்த வயது வித்தியாசத்தைக் கடைசிவரை புரிந்துகொள்ளவில்லை. லாத்வியாவில் பச்சை என்பது எதிர்ப்பின் நிறம் என்பதைவிட மண்ணின் நிறம். தேசியத்தின் பக்கத்து வீடு. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் கூட்டணிக் குழப்பங்கள் எதுவும் உங்களை அதிரவைக்காது.

சின்ன நாற்காலியில் நிறைய நாள் உட்காருங்கள்

1993 முதல் 1998 வரை எம்சிஸ் சுற்றுச்சூழலுக்கான அரசு அமைச்சர். முழு அமைச்சர் அல்ல. ஒரு முழு அமைச்சருக்குக் கீழே இருந்தவர். அந்த ஐந்தாண்டில் பிரதமர் நாற்காலியில் பிர்காவ்ஸ், கைலிஸ், ஷ்கேலே, க்ராஸ்ட்ஸ் என்று நான்கு பேர் வந்து போனார்கள். எம்சிஸ் அங்கேயே இருந்தார். யாருக்கும் வேண்டாத துறையைக் கேட்டு வாங்குங்கள். நிதியும் உள்துறையும் கேட்பவர்கள் ஒருவரை ஒருவர் கடித்துக்கொண்டு விழும்போது, சாக்கடைச் சுத்திகரிப்புக்குப் பொறுப்பானவரை யாரும் தள்ளிவிட நினைப்பதில்லை.

வேலையும் அப்போது உண்மையிலேயே இருந்தது. சோவியத் படைகள் விட்டுப்போன தளங்களில் எண்ணெய் ஊறிய மண், வெடிபொருள், பாழான குளங்கள். இதில் என் மனத்துக்குப் பிடித்த கதை ஸ்க்ருந்தாவுடையது. எம்சிஸ் செய்ததல்ல, அவர் காலத்தில் நடந்தது. ஆனால் தாவரவியல் படித்த எவரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

ஸ்க்ருந்தாவில் சோவியத் ஏவுகணை எச்சரிக்கை ராடார் இருந்தது. ரஷ்யப் படைகள் 1994 ஆகஸ்ட் 31 அன்று லாத்வியாவை விட்டுப் போனபோதும், ராடார் மட்டும் இன்னும் நான்கு ஆண்டு இயங்கலாம் என்று ஒப்பந்தம். சுற்றியிருந்த மக்கள் தங்கள் உடல்நலத்துக்கு அதுவே கேடு என்றார்கள். நிரூபிப்பது யார்? லாத்விய ஆய்வாளர்கள் போய்ச் சாட்சி கேட்டது பைன் மரங்களிடம். மரங்களில் துளையிட்டு ஆண்டு வளையங்களை அளந்தார்கள். ராடார் இயங்கத் தொடங்கிய பிறகு வளர்ச்சி குறைந்திருக்கிறது என்று 1996இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். இன்னொருவர் குளத்தில் மிதக்கும் சின்னஞ்சிறு வாத்துப்பாசியை எடுத்து வைத்துச் சோதித்துப் பார்த்தார். கதிர்வீச்சுதான் காரணமா என்பது அறிவியலாளர்கள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். ஆனால் ஒரு வல்லரசின் ராடாருக்கு எதிராக வாத்துப்பாசியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியவர்கள் வேறெங்கும் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் பாதி கட்டிய புதிய ராடார் கோபுரத்தை 1995 மே 4 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். பழையதும் ஒப்பந்தப்படி 1998இல் நின்றது.

இத்தகைய ஆண்டுகளில் பெயர் வெளியே வராது. பேட்டி எடுக்க யாரும் வரமாட்டார்கள். பொறுங்கள்.

கொள்கைப் பொருத்தம் பார்க்காமல் மணம் முடியுங்கள்

சயிமா என்ற லாத்விய நாடாளுமன்றத்தில் 100 இடங்கள். உள்ளே நுழையக் கட்சிக்கு 5 விழுக்காடு வாக்கு வேண்டும். மரத்தை மட்டும் நேசிக்கும் கட்சிக்கு அது எட்டாத உயரம். எனவே பசுமைக் கட்சி 1995 தேர்தலில் தேசியவாதிகளோடு ஒரே பட்டியலில் நின்றது, உள்ளே போனது. 1998இல் தொழிலாளர் கட்சியோடும் கிறித்தவ ஜனநாயகரோடும் நின்றது, வெளியே நின்றது. 2002இல் விவசாயிகள் சங்கத்தோடு சேர்ந்து "பசுமையாளர் விவசாயிகள் ஒன்றியம்" ஆனது. 12 இடங்கள் கிடைத்தன.

உரமும் பூச்சிக்கொல்லியும் தெளிப்பவர் ஒருபக்கம், அது பால்டிக் கடலுக்குப் போய்ப் பாசியாகப் பூப்பதைப் பார்த்து அழுபவர் மறுபக்கம். இந்த இரண்டு பேரையும் ஒரே பட்டியலில் போட்டது அரசியல் மேதைமை என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு தரப்பு பேச்சை விட்டுக்கொடுத்தது, இன்னொரு தரப்பு எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

விவசாயிகள் சங்கத்துக்கும் ஒரு குலப்பெருமை உண்டு. சுதந்திர லாத்வியாவின் முதல் பிரதமர் கார்லிஸ் உல்மானிஸ் அந்தச் சங்கத்தவர். அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தவர், பால்பண்ணை வித்தகர். வயலிலிருந்து அதிகாரத்துக்குப் போன முன்னோடி அவர்தான். ஆனால் 1934 மே 15 அன்று சயிமாவைக் கலைத்து, எல்லாக் கட்சிகளையும், தன் சொந்தக் கட்சி உட்பட, தடைசெய்துவிட்டு அவரே ஆளத் தொடங்கினார். இந்தக் கையேடு அந்த முறையைப் பரிந்துரைக்கவில்லை. வாசகர் தவிர்க்கவும்.

பணக்கார உறவினர் ஒருவரும் தேவைப்படும். ஒன்றியத்துக்கு வாய்த்தவர் ஐவர்ஸ் லெம்பெர்க்ஸ், வென்ட்ஸ்பில்ஸ் துறைமுக நகரின் நெடுங்கால மேயர். அந்தத் துறைமுகம் தழைத்தது ரஷ்ய எண்ணெயால். உலகத்தின் முதல் பசுமைப் பிரதமரைத் தந்த கூட்டணி, 2006 தேர்தலில் பிரதமர் வேட்பாளராக முன்னிறுத்தியது எண்ணெய்த் துறைமுகத்தின் மேயரை. 2019 டிசம்பரில் அமெரிக்கா ஊழலைக் காரணம் காட்டி அவர்மீது தடை விதித்தது. மாணவர்கள் குறித்துக்கொள்ளவும்: ஒளிச்சேர்க்கைக்குச் சூரியன் போதும், தேர்தலுக்குப் போதாது.

மற்றவர்கள் சண்டையிடும் இடத்துக்கு அருகில் சும்மா நில்லுங்கள்

2002இல் ஆட்சிக்கு வந்தவர் ஐனர்ஸ் ரெப்ஷே. மத்திய வங்கியின் முன்னாள் தலைவர். ஊழலை ஒழிக்கிறேன் என்று புதிய கட்சி தொடங்கி முதல் தேர்தலிலேயே 26 இடங்களோடு முதலிடம் பிடித்தவர். ஒழுங்கானவர், கண்டிப்பானவர், கூட இருப்பவர்களை அடிக்கடி கோபப்படுத்துகிறவர். 2004 பிப்ரவரியில் கூட்டணி உடைந்தது, அவர் பதவி விலகினார்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர மூன்று மாதம்கூட இல்லை, நேட்டோவில் சேர இரண்டே மாதம். வீட்டில் பிரதமர் இல்லை. மக்கள் கட்சி என்ற இன்னொரு கட்சிக்கு 20 இடம். ஆனால் அந்தக் கட்சியை மற்றவர்கள் நம்பவில்லை. ரெப்ஷே கட்சி கோபத்தில் ஒதுங்கி நின்றது. ரஷ்ய மொழி வாக்காளர்களை நம்பிய தரப்புக்கு 25 இடம் இருந்தும் ஆட்சிக்கு அழைப்பில்லை. அங்கே வழக்கமே அப்படித்தான். மிஞ்சியவர்களில் யாருக்கும் எதிரி இல்லாத ஒருவரைத் தேடினார்கள். சாக்கடையையும் சதுப்பு நிலத்தையும் பார்த்துக்கொண்டிருந்தவர் அகப்பட்டார். 2004 மார்ச் 9 அன்று எம்சிஸ் பிரதமர்.

எம்சிஸின் ஒன்றியம், மக்கள் கட்சி, இன்னொரு கட்சி என ஆளும் கட்சிகள் மூன்றும் 2002 தேர்தலில் பெற்ற இடங்களைக் கூட்டினால் 42. நூற்றில் 42. கணக்கு தெரிந்த எவரும் இந்தப் பதவியை ஏற்கமாட்டார். உயிரியல் படிப்பதில் உள்ள நன்மையே அதுதான்.

பதவியேற்ற இருபதாம் நாள் எம்சிஸ் வாஷிங்டனில் இருந்தார். 2004 மார்ச் 29 அன்று ஏழு நாடுகள் நேட்டோவில் சேர்ந்தன. ஏழு பிரதமர்களும் அமெரிக்க அதிபர் புஷ்ஷோடு நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். மே 1 அன்று ஐரோப்பிய ஒன்றியம். பல தலைவர்கள் பத்தாண்டுக்கு மேல் உழைத்த இரண்டு பெரிய காரியங்களும் இவர் பதவிக்காலத்தின் முதல் எட்டு வாரத்துக்குள் விழுந்தன. ஜெர்மனியில் பசுமை இயக்கம் வளர்ந்ததே அணு ஏவுகணைக்கு எதிராக வீதியில் உட்கார்ந்து. உலகின் முதல் பசுமைப் பிரதமர் முதலில் செய்த பெரிய வேலையோ ராணுவக் கூட்டணியில் சேரும் சடங்கு. இதில் முரண் பார்ப்பவர்கள் லாத்வியாவின் கிழக்கு எல்லையில் யார் இருக்கிறார்கள் என்று வரைபடத்தில் பார்த்துவிட்டுப் பேசலாம். இந்த விஷயத்தில் நான் எம்சிஸ் பக்கம்தான்.

நல்ல நாளில் விழ வேண்டாம்

இனி இறங்கும் வழி. இதற்கும் பயிற்சி தேவை.

ஐரோப்பிய ஆணையத்துக்கு லாத்வியாவின் சார்பில் ஒருவரை அனுப்ப வேண்டும். ஏற்கெனவே அங்கே இருந்தவர் சாண்ட்ரா கல்னியெட்டெ: முன்னாள் வெளியுறவு அமைச்சர், சைபீரிய நாடுகடத்தலில் பிறந்தவர், அந்தக் குடும்பக் கதையை எழுதிப் புகழ்பெற்றவர். எம்சிஸ் அரசு அவரை மாற்றிவிட்டுத் தங்கள் ஒன்றியத்தைச் சேர்ந்த சயிமாத் தலைவர் இங்க்ரீடா ஊட்ரேயை முன்மொழிந்தது. ஐரோப்பிய நாடாளுமன்றம் ஊட்ரேயிடம் கட்சி நிதி பற்றிக் கேள்விமேல் கேள்வி கேட்டது. அவருக்கு ஒதுக்கிய துறை வரிவிதிப்பு என்பது நிலைமையை இன்னும் சுவையாக்கியது. இத்தாலியின் வேட்பாளர் புத்திலியோனே கிளப்பிய புயலும் சேர்ந்துகொள்ள, 2004 அக்டோபர் 27 அன்று ஆணையத் தலைவராகவிருந்த பரோசோ தன் ஆணையத்தை வாக்கெடுப்புக்கு விடாமலே திரும்பப் பெற்றார். பிறகு ஊட்ரேக்குப் பதிலாக ஆந்திரிஸ் பியெபால்க்ஸ் போனார். அவருக்கு எரிசக்தித் துறை கிடைத்தது.

மறுநாள், அக்டோபர் 28, ரீகாவில் 2005ஆம் ஆண்டு பட்ஜெட் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிர்க்கட்சி எதிர்த்தது, அது அதன் வேலை. ஆளும் கூட்டணியில் இருந்த மக்கள் கட்சியும் எதிர்த்து வாக்களித்தது. நிதியமைச்சர் யார் கட்சி? மக்கள் கட்சி. தாங்களே சமைத்ததைத் தாங்களே உண்ண மறுத்தார்கள். சயிமாவில் பட்ஜெட் தோற்றால் அரசு தோற்றது. எம்சிஸ் பதவி விலகினார். டிசம்பர் 2 அன்று ஐகர்ஸ் கல்வீட்டிஸ் பிரதமரானார். அவர் எந்தக் கட்சி என்று இன்னும் யூகிக்காதவர்கள் அரசியலை விட்டுவிட்டுத் தாவரவியலுக்கே திரும்பலாம். எம்சிஸின் ஒன்றியமும் அந்தப் புதிய அரசில் பங்கேற்றது. கோபம் என்பது நாற்காலி இருப்பவர்களுக்கு மட்டும் கட்டுப்படியாகிற செலவு.

இதில் நான் கண்ட பிழை ஒன்றுதான். பட்ஜெட் வருவதற்கு முந்தின நாள், ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் உங்கள் வேட்பாளர் அடிவாங்கக் கூடாது. முடிந்தால் இரண்டையும் வேறு வேறு மாதத்தில் வைத்துக்கொள்ளவும்.

கைப்பெட்டியைக் கையிலேயே வைத்திருங்கள்

2006 நவம்பரில் எம்சிஸ் சயிமாவின் தலைவரானார். ஆளும் கட்சித் தலைவர்கள் 2007இல் குடியரசுத் தலைவர் வேட்பாளராக வால்திஸ் சாட்லர்ஸ் என்ற எலும்பு மருத்துவரைத் தேர்ந்தெடுத்தது ரீகா விலங்குக் காட்சிசாலையில் கூடிப் பேசி என்பது லாத்வியாவில் இன்றும் ஓடும் கேலி. உயிரியல் மாணவர்கள் எங்கே களப்பணிக்குப் போக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல குறிப்பு கிடைக்காது.

எம்சிஸ் சயிமாத் தலைவர் நாற்காலியில் ஓராண்டு முழுதாக இருக்கவில்லை. டாலர் நோட்டுகள் இருந்த ஒரு கைப்பெட்டியை உணவகத்தில் விட்டுவிட்டார். அந்தப் பணத்தைப் பற்றி அவர் கொடுத்த வாக்குமூலம் உண்மையில்லை என்று அரசு வழக்கறிஞர்கள் குற்றம் சாட்டினார்கள். 2007 செப்டம்பரில் பதவி விலகினார். நீர்மின் அணை, ராடார், நேட்டோ, பட்ஜெட் எல்லாவற்றையும் கடந்துவந்த ஒரு வாழ்க்கையைச் சாப்பாட்டு மேசைப் பக்கத்தில் விட்ட ஒரு பெட்டி சாய்த்தது. சதுப்பு நிலத்தில் மாதிரி சேகரிக்கும்போது பையைத் தோளிலிருந்து இறக்காதே என்று ஆசிரியர்கள் சொல்வது சும்மா இல்லை.

இரண்டாம் பதிப்பு: வேயோனிஸ் முறை

பெரும்புகழ் வேண்டாம், நீண்ட ஆயுள் போதும் என்பவர்களுக்கு இந்த முறை. 1966இல் பிறப்பு, மதோனா மாவட்டத்தில் வளர்ப்பு. மதோனா லாத்வியாவில் ஓர் ஊர். பாடகியைத் தேட வேண்டாம். உள்ளூர்ப் பள்ளியில் உயிரியல் ஆசிரியர். அடுத்து வட்டாரச் சுற்றுச்சூழல் அலுவலகத்தில் துணை இயக்குநர், பிறகு ரீகா வட்டாரத்துக்கு இயக்குநர். 2002இல் சுற்றுச்சூழல் அமைச்சர். ரெப்ஷே, எம்சிஸ், கல்வீட்டிஸ், கொத்மானிஸ், தொம்ப்ரோவ்ஸ்கிஸ் என ஐந்து பிரதமர்கள் மாறினார்கள். இவர் 2011 வரை இருந்தார். 2014இல், ரஷ்யா கிரிமியாவை எடுத்துக்கொண்ட அதே ஆண்டு, பாதுகாப்பு அமைச்சர். 2015 ஜூன் 3 அன்று ஐந்தாம் சுற்றில் 55 வாக்கு வாங்கிக் குடியரசுத் தலைவர். முதல் நான்கு சுற்றில் யாரும் ஜெயிக்கவில்லை, ஐந்தாவதில் மிஞ்சியவர் இவர். காட்டில் மரம் உயர்வதற்கும் இதே வழிதான்: பக்கத்து மரங்கள் விழும்வரை நிழலில் உயிரோடு இருப்பது. 2019இல் இரண்டாம் முறைக்கு நிற்காமல் இறங்கிப் போனார். கைப்பெட்டி எதையும் விட்டுச் செல்லவில்லை.

எச்சரிக்கைகள்

லத்வானிஸ் என்றொரு ராட்சதச் செடி லாத்வியாவில் சாலையோரமெல்லாம் நிற்கும். காகசஸ் மலைப்பக்கத்துச் செடி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சோவியத் விஞ்ஞானிகள் மாட்டுத் தீவனத்துக்கு நல்லது என்று கொண்டுவந்து பயிரிட்டார்கள். ஆளைவிட உயரம், அழகான வெள்ளைப் பூங்கொத்து. சாறு தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளம் போடும். பண்ணைகள் கலைந்த பிறகு அது தன்பாட்டில் பரவியது. இன்றும் ஒழித்து முடியவில்லை. நிபுணரின் பரிந்துரையோடு, அரசின் திட்டத்தோடு, உற்பத்தி இலக்கோடு வந்த செடி. தாவரவியலாளரை ஆட்சியில் அமர்த்தினால் எல்லாம் பச்சையாகிவிடும் என்று நம்புகிறவர்கள் கோடையில் ஒருமுறை அதன் பக்கத்தில் போய் நிற்கலாம், தொட வேண்டாம்.

இன்னொன்று. பெயர்ப்பலகையை நம்பாதீர்கள். உலகின் முதல் பசுமைப் பிரதமரைத் தந்த லாத்விய பசுமைக் கட்சியை, அதன் பழமைவாதப் போக்குக்காக, 2019 நவம்பரில் ஐரோப்பிய பசுமைக் கட்சி வெளியேற்றிவிட்டது. 2022இல் அவர்கள் விவசாயிகளையும் விட்டுப் பிரிந்து வட்டாரக் கட்சிகளோடு புதிய பட்டியலில் சேர்ந்தார்கள். தேசியவாதி, தொழிலாளி, விவசாயி, வட்டாரத் தலைவர் என்று எல்லோரோடும் வாழ்ந்து பார்த்த கட்சியால், மற்ற பசுமைக் கட்சிகளோடு மட்டும் வாழ முடியவில்லை.

எந்த முறை நல்லது என்று கேட்பீர்கள். என் கருத்தில், எம்சிஸ் செய்த உருப்படியான வேலை யாரும் பார்க்காத 1993 முதல் 1998 வரைதான். பிரதமராக இருந்த ஒன்பது மாதம் வரலாற்றுக் குறிப்பு, அவ்வளவே. வேயோனிஸையும் குடியரசுத் தலைவர் மாளிகையை வைத்து அல்ல, அந்தச் சலிப்பூட்டும் ஒன்பதாண்டு அமைச்சர் வேலையை வைத்தே எடைபோடுவேன். ஆனால் நீங்கள் கையேடு வாங்கியது உருப்படியாக வேலை செய்வதற்கு அல்ல என்பது தெரியும்.

சயிமாத் தேர்தல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, அக்டோபர் முதல் சனிக்கிழமை; 2026இல் அது அக்டோபர் 3. வேட்பாளர் லாத்வியக் குடிமகனாக இருக்க வேண்டும், 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். உயிரியல் பட்டம் கட்டாயமில்லை.